ஆல் வில்லியம்சனின் கோடு

ஸ்டார் வார்ஸ் படத்துக்காகக் கேமரா ஓடத் தொடங்கியது 1976 மார்ச்சில், துனிசியப் பாலையில். அதற்கு ஓராண்டு முன்பே அந்த உலகம் பிறந்துவிட்டது. ரால்ஃப் மெக்குவாரி என்கிற, வெளியில் யாரும் அதிகம் அறியாத ஒரு தொழில்நுட்ப ஓவியரின் மேசைமேல், அட்டைகளில், குவாஷ் வண்ணத்தில் அது கிடந்தது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தாருக்குத் தன் கதையை விளங்கவைக்க ஜார்ஜ் லூகாஸ் எடுத்துச் சென்றவை அந்த ஓவியங்களே. திரைக்கதையோ வரைவுக்கு வரைவு மாறிக்கொண்டிருந்தது. நாயகனின் பெயர், அவன் வயது, யாருக்கு யார் மகன் என்பதுகூட நிலைக்கவில்லை. ஓவியங்கள் மட்டும் நிலைத்திருந்தன.

முதலில் வரைந்தவற்றில் ஒன்று, இரண்டு எந்திரர்கள் பாலையில் நிற்கும் காட்சி. பின்னால் பாறைகள் எழுந்து நிற்கின்றன. அந்த நிலவெளியை அமெரிக்காவின் மேற்கில் உள்ள ஒரிகான் கடற்கரையின் நினைவிலிருந்து எடுத்ததாக மெக்குவாரி சொல்லியிருக்கிறார். முன்னால் நிற்கும் உயரமான எந்திரன், 1927-இல் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் எந்திரப் பெண்ணுக்கு உடன்பிறப்பு. உலோக உடல், உலோக முகம். ஆனாலும் அது நிற்கும் தினுசைப் பாருங்கள்: வழி தவறி வந்துவிட்டோமோ என்று தயங்கும் ஒருவரின் நிலை. பின்னாளில் அந்த எந்திரனாக நடித்த ஆன்டனி டேனியல்ஸுக்கு முதலில் அந்த வேடத்தில் ஈடுபாடு இல்லை. இந்த ஓவியத்தைப் பார்த்த பிறகுதான் மனம் மாறினார். ஒரு நடிகருக்குத் தன் பாத்திரத்தின் மனத்தை எழுத்து தரவில்லை, இயக்குநர் தரவில்லை. அட்டையில் பூசிய வண்ணம் தந்தது.

மெக்குவாரி அதற்கு முன்பு போயிங் நிறுவனத்தில் விமானப் பாகங்களை வரைந்துகொண்டிருந்தவர். அப்பல்லோ விண்பயணங்களை சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது, கேமரா போக முடியாத இடங்களைக் காட்டும் சித்திரங்களைச் செய்தவர். ஒரு பொருள் எப்படி வேலை செய்யும் என்று யோசிக்காமல் அவரால் பென்சிலை எடுக்க முடியாது. டார்த் வேடரின் முகமூடி அப்படி வந்ததுதான். கதையில் வேடர் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். நடுவில் காற்றில்லாத வெளி. எப்படி மூச்சு விடுவான்? மெக்குவாரி சுவாசக் கவசம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். பிறகு ஒலியமைப்பாளர் பென் பர்ட், நீருக்கடியில் மூழ்குவோர் பயன்படுத்தும் சுவாசக் கருவியில் மூச்சைப் பதிவுசெய்து அந்தக் கவசத்துக்குக் குரல் தந்தார். இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு செய்துகாட்டும் அந்த மூச்சின் ஊற்று, ஒரு ஓவியரின் நடைமுறைச் சந்தேகம்.

சினிமாவையொட்டி வரும் ஓவியம் என்றால் படத்துக்குப் பின்னால் நடந்து வருவது, நட்சத்திரங்களின் முகத்தைச் சரியாகப் பிடிப்பது, விற்பனைக்கு உதவுவது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஸ்டார் வார்ஸ் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. ஓவியம் முதலில் வந்தது, படம் அதன் பின்னால் போனது. அதற்கும் முன்னால் போய்ப் பார்த்தால் அங்கும் ஒரு ஓவியரே நிற்கிறார். லூகாஸ் எடுக்க ஆசைப்பட்டது ‘ஃப்ளாஷ் கார்டன்’ படத்தை. உரிமை கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட்டிடம் இருந்தது. அது அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ஸ்டார் வார்ஸ் என்று ஒன்று இருந்திருக்காது. படத் தொடக்கத்தில் முன்கதைச் சுருக்கம் எழுத்துகளாகச் சரிந்து மேலேறிப் போகும் உத்திகூட, 1940-இல் வந்த ஃப்ளாஷ் கார்டன் தொடர்படத்திலிருந்து அவர் நன்றியோடு எடுத்துக்கொண்டதுதான்.

அந்த ஃப்ளாஷ் கார்டனை வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட். 1934 ஜனவரி 7-ஆம் தேதி அமெரிக்க நாளிதழ்களின் ஞாயிறு இணைப்பில் அது தொடங்கியது. அதே மாதத்தில் ‘சீக்ரெட் ஏஜென்ட் எக்ஸ்-9’ என்ற துப்பறியும் தொடரையும் ரேமண்ட் தொடங்கினார். அதற்குக் கதை எழுதியவர் டாஷியல் ஹாமெட். பிறகு 1946-இல் ‘ரிப் கிர்பி’. 1956-இல் ஒரு கார் விபத்தில் ரேமண்ட் இறந்தபோது அவருக்கு வயது 46. இருபது ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட உழைப்பில் அவர் விட்டுச்சென்றது தூரிகையின் ஒரு நடை. தொட்ட இடத்தில் மெலிதாகத் தொடங்கி, துணி மடிப்பில் பருத்து, விளிம்பில் மீண்டும் இழையாகி மறையும் கோடு. மனித உடலை அலட்டலின்றிக் கம்பீரமாக நிறுத்தும் பாங்கு.

அந்தக் கோட்டை ஸ்டார் வார்ஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் ஆல் வில்லியம்சன். இந்த உலகை வரைந்தவர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் இவர். காரணம் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

வில்லியம்சன் 1931-இல் நியூயார்க்கில் பிறந்தார். தந்தை கொலம்பியர், தாய் அமெரிக்கர். சிறு வயதை பொகோட்டா நகரில் கழித்தார். அங்கே ஒரு திரையரங்கில் தாயோடு போய் ஃப்ளாஷ் கார்டன் தொடர்படத்தைப் பார்த்ததுதான் தன் வாழ்க்கையைத் தீர்மானித்தது என்று பின்னாளில் சொல்லிக்கொண்டேயிருந்தார். அங்கிருந்து ரேமண்டின் மூல ஓவியத்துக்குப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. பதின்ம வயதுக்குள் நுழையும் வேளையில் அமெரிக்கா திரும்பி, டார்ஜான் ஓவியர் பர்ன் ஹோகார்த்திடம் பயின்று, இருபத்தொன்றாம் வயதில் இசி காமிக்ஸின் ‘வியர்ட் சயின்ஸ்’, ‘வியர்ட் ஃபான்டசி’ இதழ்களில் வரையத் தொடங்கினார். ஃபிராங்க் ஃபிரசெட்டா, ராய் கிரெங்கல், ஏஞ்சலோ டாரஸ் என்று நண்பர் கூட்டம் ஒன்று. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் மை தீட்டுவார், மூன்றாமவர் பின்னணிக் காட்டை வரைந்து தருவார். அந்த இதழ்களில் ராக்கெட்டுகள் அழகானவை. அவை தரையிறங்கும் காடுகள் அவற்றைவிட அழகானவை.

இசி மூடப்பட்ட பிறகு, ரேமண்ட் விட்டுச்சென்ற ரிப் கிர்பியைத் தொடர்ந்து வரைந்த ஜான் பிரென்டிஸிடம் உதவியாளராகச் சேர்ந்தார். நாள் தவறாமல் ஒரு பட்டை வரைந்து அனுப்ப வேண்டிய கட்டுப்பாடு அங்கேதான் அவர் கைக்கு வந்தது. 1966-இல் கிங் காமிக்ஸுக்காக ஃப்ளாஷ் கார்டனையே வரைந்தார். தேசியக் கார்ட்டூனிஸ்ட் சங்கம் அதற்கு விருது தந்தது. அடுத்த ஆண்டு, ரேமண்டின் இன்னொரு பிள்ளையான எக்ஸ்-9 அவர் கைக்கு வந்தது. எழுத்தாளர் ஆர்ச்சி குட்வினோடு சேர்ந்து 1980 வரை அதை வரைந்தார். நாயகனுக்குப் பெயர் காரிகன்.

ஆம், நம் காரிகன்தான். சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவிக்குப் பக்கத்தில் இடம்பிடித்த ரகசிய ஏஜென்ட் காரிகன். பள்ளிப் பருவத்தில் அவரைத் தேடித் தேடிப் படித்தவர்களில் நானும் ஒருவன். வரைந்தவர் யார் என்று கேட்கத் தோன்றாத வயது அது. ஆனால் சில கதைகளில் மழை வேறுமாதிரி பெய்யும், காரின் பானெட்டில் தெருவிளக்கு வேறுமாதிரி விழும், பெண்கள் தலையைத் திருப்பும்போது கழுத்துக் கோட்டில் ஒரு உயிர் இருக்கும் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. பல ஆண்டுகள் கழித்து ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ காமிக்ஸின் ஒரு பிரதி கைக்கு வந்தபோது, ஹான் சோலோ கதவோரம் சாய்ந்து நிற்பதைப் பார்த்ததும் இவரை எனக்குத் தெரியுமே என்று பட்டது. முகத்தை வைத்து அல்ல, நிற்கும் விதத்தை வைத்து. ஹாரிசன் ஃபோர்டின் முகத்துக்கு அடியில் காரிகனின் உடல் இருந்தது. அந்த உடலோ பெரும்பாலும் வில்லியம்சனுடையதே. காரிகனுக்குத் தன்னையே மாதிரியாக நிறுத்திப் புகைப்படம் எடுத்து வரைவது அவர் வழக்கம். தமிழ் வாசகர்கள் ஸ்டார் வார்ஸைத் திரையில் பார்க்கும் முன்பே அதன் தலைசிறந்த காமிக்ஸ் ஓவியரின் கையெழுத்தைப் படித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

அந்த எம்பயர் தழுவல், மார்வெலின் ஸ்டார் வார்ஸ் மாத இதழில் 39 முதல் 44 வரையிலான எண்களில், 1980-இல் தொடங்கி வந்தது. எழுத்து மீண்டும் குட்வின். வில்லியம்சனோடு சேர்ந்து வரைந்தவர் கார்லோஸ் கார்சோன், அவரும் கொலம்பியர். படம் முடிவடையாத நிலையில், திரைக்கதையையும் கிடைத்த புகைப்படங்களையும் மெக்குவாரியின் ஓவியங்களையும் வைத்துக்கொண்டே அவர்கள் வேலை செய்தார்கள். யோடா எப்படி இருப்பார் என்பது கடைசிவரை பொத்திவைத்த ரகசியம். அதனால் முதலில் வந்த பாக்கெட் நூல் பதிப்பில் மெக்குவாரியின் பழைய வரைவை ஒட்டிய வேறொரு யோடா இருக்கிறார். மாத இதழுக்காக அந்த முகங்களைத் திருத்தினார்கள். இந்தத் தடுமாற்றத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை. நடிகர்களின் முகத்தைப் பார்த்து எழுதுகிறவர்களாக இல்லாமல், படக்குழுவோடு சேர்ந்து இருட்டில் தேடுகிறவர்களாக ஓவியர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சான்று.

டாகோபா சதுப்புநிலப் பக்கங்களை எடுத்துக்கொள்வோம். திரையில் அது ஒரு ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். புகை அதன் விளிம்புகளை மறைத்தது. வில்லியம்சனின் பக்கத்தில் அது மறைப்பு எதுவும் தேவைப்படாத காடு. இசி காலத்தில் கிரெங்கலோடு சேர்ந்து வரைந்த அத்தனை காடுகளும் இங்கே வேர்விட்டிருக்கின்றன. அடிமரத்தில் தூரிகை அழுந்திக் கறுப்பாகத் தேங்குகிறது. வேர் தண்ணீரை நோக்கி இறங்க இறங்கக் கோடு பிளந்து இரண்டாகி, நான்காகி, தண்ணீரைத் தொடும் இடத்தில் அறுந்துவிடுகிறது. அதற்குக் கீழே கிடைமட்டமாகச் சில கீற்றுகள், அவ்வளவுதான் குளம். அந்தக் கீற்றுகளுக்கிடையே விட்ட வெள்ளையில் வானத்தின் வெளிச்சம் தெரிகிறது. லூக் அந்த இருட்டின் நடுவில் மிகச் சிறியவனாக நிற்கிறான். அவன் பயத்தைச் சொல்ல முகபாவம் தேவைப்படவில்லை; மரங்களின் அளவே சொல்லிவிடுகிறது. ஹோத் பனிக்கோளிலோ அவர் முற்றிலும் எதிர்த்திசையில் போகிறார். பனிக்கு அவர் எதையும் வரைவதில்லை. மை படாத தாள்தான் பனி. தொடுவானத்தில் நடந்துவரும் எந்திர யானைகளை நோக்கி நம் கண்ணை அந்த வெறுமையே தள்ளிக்கொண்டு போகிறது.

இந்த நுட்பமெல்லாம் அன்றைய வாசகர்கள் கைக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்காது. மலிவான நியூஸ்பிரின்ட் தாள் மையை உறிஞ்சி மெல்லிய கோடுகளைத் தடிக்க வைத்துவிடும். புள்ளிப் புள்ளியாக விழும் நான்கு வண்ணங்கள் ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை விலகினாலும் கண்ணிமை கன்னத்தில் போய் உட்காரும். 1981 முதல் 1984 வரை வில்லியம்சனும் குட்வினும் செய்த நாளிதழ்த் தொடருக்கு இன்னும் மோசமான கதி. மூன்று கட்டங்களை ஒரு கைக்குட்டை அகலத்துக்குள் சுருக்கிப் போடுவார்கள். அது தெரிந்தும் அவர் ஒரு விண்கப்பலின் வயிற்றுப் பகுதியில் குழாய்களை ஒவ்வொன்றாக வரைந்தார். 1991-இல் ரஸ் கோக்ரன் இத்தொடரைக் கறுப்பு வெள்ளையில் நல்ல தாளில் மூன்று தொகுதிகளாக அச்சிட்டார். பின்னர் ஐடிடபிள்யூ பதிப்பகமும் தொகுத்தது. அவற்றில்தான் அந்தக் குழாய்கள் தெரிகின்றன. அச்சு எதைத் தின்றுவிடும் என்று நன்கு தெரிந்த ஒருவர், தின்றபின் மிஞ்சுவதற்காக மட்டும் வரையவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அவர்முன் எனக்குத் தலை தாழ்கிறது.

குட்வினைப் பற்றியும் ஒரு சொல். ஓவியருக்கு எங்கே வழிவிட வேண்டும் என்பதை இவ்வளவு நன்றாக அறிந்த காமிக்ஸ் எழுத்தாளர் அரிது. வில்லியம்சனுக்கு என்னென்ன வரையப் பிடிக்கும் என்று தெரிந்து, அவற்றுக்கு இடம் வைத்துக் கதை கட்டினார். சதுப்பு, இடிபாடு, கடல் விலங்கு எல்லாம் கதைக்குள் தானாக வந்து சேர்ந்தன.

வில்லியம்சனுக்கு முந்திய ஆண்டுகளையும் விட்டுவிடக் கூடாது. ஸ்டார் வார்ஸ் மாத இதழின் முதல் எண் 1977 வசந்தத்திலேயே, மே 25-இல் படம் திரைக்கு வருவதற்குள்ளாகவே கடைக்கு வந்துவிட்டது. வரைந்தவர் ஹோவர்ட் சேக்கின், எழுதியவர் ராய் தாமஸ். கையில் இருந்தவை சொற்பப் புகைப்படங்கள். முதல் அட்டையில் பின்னணியில் எழும் வேடரின் தலை பச்சை நிறத்தில் இருக்கிறது! சேக்கினின் மிகச் சிறந்த வேலை இது அல்ல. அவசரம் கோட்டில் தெரிகிறது. ஆனாலும் அந்த இதழ்கள் விற்ற வேகம், நிதி நெருக்கடியில் இருந்த மார்வெலையே காப்பாற்றியது என்று அதன் பிற்காலத் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் எழுதியிருக்கிறார்.

சேக்கினுக்குப் பின் வந்த கார்மைன் இன்ஃபன்டீனோ மீது இன்றுவரை ஒரு வழக்கு இருக்கிறது. லூக் லூக் மாதிரி இல்லை, லேயா லேயா மாதிரி இல்லை, கப்பல்கள் அட்டைப்பெட்டி மாதிரி இருக்கின்றன என்பது வழக்கு. மறுப்பதற்கில்லை. அவர் மனிதர்கள் கூரான முழங்கைகளோடும் முக்கோண நிழல்களோடும் ஓடுகிறார்கள். ஆனால் அவர் பக்கத்தை எட்ட வைத்துப் பாருங்கள். கட்டத்துக்குக் கட்டம் ஒரு சாய்கோடு நம் கண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கீழே எங்கோ தொடுவானத்தில் மெலிந்த கோபுரங்களோடு ஒரு நகரம். அந்த நகரம் ஸ்டார் வார்ஸில் எங்கும் கிடையாது. அது 1950களின் இறுதியிலிருந்து ‘மிஸ்டரி இன் ஸ்பேஸ்’ இதழில் ஆடம் ஸ்ட்ரேஞ்ச் என்ற நாயகனுக்காக இன்ஃபன்டீனோ கட்டிய ரான் கோளின் நகரம். அங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு இது பிழையாகப் படவில்லை, சீதனமாகப் படுகிறது.

இந்த உலகில் தங்கிய ஓவியர்கள் எல்லாரிடமும் நான் காண்பது இதைத்தான். ஸ்டார் வார்ஸை மட்டும் நேசித்து ஸ்டார் வார்ஸை வரைந்தவர்களின் பக்கங்கள் எளிதில் மறந்துபோகின்றன. அதற்கு முன்பே வேறொன்றை உயிராக நேசித்து, அந்த நேசத்தோடு இதற்குள் நுழைந்தவர்களின் பக்கங்கள் நிற்கின்றன. மெக்குவாரிக்கு விமானம், வில்லியம்சனுக்கு ரேமண்ட், இன்ஃபன்டீனோவுக்கு ரான்.

அண்மை ஆண்டுகளில் வரும் சில இதழ்களில் திரைப்படத்தின் ஒரு சட்டகத்தை அப்படியே நிறுத்தி, அதன்மேல் கோடு ஓட்டியது போன்ற முகங்களைப் பார்க்கிறேன். ஒப்புமை துல்லியம். ஆனால் ஒரு கட்டத்தில் சிரிக்கும் முகத்துக்கும் அடுத்த கட்டத்தில் அதிரும் உடலுக்கும் தொடர்பே இருப்பதில்லை. வெவ்வேறு காட்சிகளிலிருந்து எடுத்த தலையும் உடலும் ஆயிற்றே. புகைப்படம் பார்த்து வரைவது பாவமில்லை. வில்லியம்சன் வாழ்நாள் முழுக்க அதைச் செய்தார். அவர் புகைப்படத்திலிருந்து எடுத்துக்கொண்டது எடை எந்தக் காலில் விழுகிறது, வெளிச்சம் எந்தத் தோளில் முறிகிறது என்பதை. மிச்சத்தை அவர் கை தீர்மானித்தது.

1986-இல் மார்வெல் இதழ் 107-ஆம் எண்ணோடு நின்றது. பிறகு சில ஆண்டு வறட்சி. அதை உடைத்தது டார்க் ஹார்ஸ் பதிப்பகம் 1991 இறுதியில் தொடங்கி ஆறு பகுதிகளாக வெளியிட்ட ‘டார்க் எம்பயர்’. எழுதியவர் டாம் வீச், வரைந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் கேம் கென்னடி. கென்னடி வளர்ந்தது பிரிட்டிஷ் போர்க் காமிக்ஸ்களில். பிறகு ‘2000 ஏடி’ வார இதழில் ‘ரோக் ட்ரூப்பர்’, ‘ஜட்ஜ் ட்ரெட்’. போர் முடிந்த களத்தில் இரும்பு எப்படிக் கிடக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த இரும்பையும் சேற்றையும் அவர் ஸ்டார் வார்ஸுக்குள் கொண்டுவந்து கொட்டினார். ஒரு பக்கம் முழுக்கப் பச்சை, அடுத்த பக்கம் முழுக்கக் காவி, அதற்கடுத்தது ஊதா. மனிதத் தோலின் இயல்பான நிறம் அபூர்வமாகவே எட்டிப் பார்க்கும். முதன்முறை படித்தபோது கண் உறுத்தியது. போகப்போக, சூரியன் இறந்த ஓர் இடத்தில் வேறு எந்த நிறம் இருக்க முடியும் என்று பட்டது. லூக் இருளின் பக்கம் சாயும் கதைக்கு அந்த ஒற்றை நிறங்கள்தாம் வாதம். வசனம் அவ்வளவு வலுவாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிறத்தை எடுத்துவிட்டால் கதை பாதி நம்பும்படியாக இருக்காது.

லூகாஸ்ஃபிலிமை 2012-இல் டிஸ்னி வாங்கியது. 2014-இல், அதுவரை வந்த நாவல்கள், காமிக்ஸ்களில் பெரும்பகுதி அதிகாரபூர்வக் கதைக்குள் சேராது என்று அறிவித்தார்கள். டார்க் எம்பயரும் அப்படி வெளியே நிறுத்தப்பட்டது. ஐந்தாண்டு கழித்து வந்த ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ படத்திலோ, இறந்த பேரரசன் டார்க் எம்பயரில் போலவே மீண்டும் எழுந்தான். மெக்குவாரிக்கும் இதுபோல நடந்தது. 1980 படத்துக்காக அவர் வரைந்து பயன்படாமல் போன வேடரின் கோட்டை, 2016-இல் ‘ரோக் ஒன்’ படத்தில் எழும்பியது. 2014-இல் தொடங்கிய ‘ரெபல்ஸ்’ அனிமேஷன் தொடரின் ஸெப் என்ற பாத்திரம், சூபாக்காவுக்காக அவர் முதலில் போட்டு ஒதுக்கப்பட்ட முகம். மெக்குவாரி 2012-இல் காலமானார், இவற்றைப் பார்க்கவில்லை. கதையை நீக்கவும் சேர்க்கவும் உரிமையாளரால் முடியும். ஒரு வடிவம் கண்ணுக்குள் போய்விட்டால் அதை நீக்க யாராலும் முடியாது என்பதை அந்த நிறுவனமே திரும்பத் திரும்ப ஒப்புக்கொள்கிறது.

சுவரொட்டிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ட்ரூ ஸ்ட்ரூசனை மட்டும் இங்கே தொட்டுச் செல்கிறேன். 1978-இல் அவரும் சார்லஸ் வைட்டும் சேர்ந்து செய்த சுவரொட்டியில், பழைய மரப்பலகையில் ஒட்டிக் கிழிந்த சர்க்கஸ் விளம்பரம் போல ஒரு தோற்றம் இருக்கும். பெயர்ப் பட்டியலுக்குப் போதிய இடம் விடப்படவில்லை என்று தெரிந்த பிறகு, ஓவியத்தைச் சுற்றிப் பலகையையும் கிழிந்த விளிம்பையும் சேர்த்து இடம் உண்டாக்கினார்கள். உலோகத்தை ஏர்பிரஷ்ஷில் வைட் வரைந்தார், மனித முகங்களை ஸ்ட்ரூசன் வரைந்தார். வேலை பிரித்துக்கொண்டதன் தையல் எங்கும் தெரியவில்லை.

தையல் தெரியாத வேலையில் பெயர்களும் தெரியாமல் போகும். காமிக்ஸில் இது இன்னும் கூடுதல். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பாத்திரம், கதை, உரிமை எல்லாம் நிறுவனத்துக்கு. கார்லோஸ் கார்சோனின் பெயர் எம்பயர் பக்கங்களில் அச்சாகியிருந்தும், பேசும்போது எல்லாரும், நான் உட்பட, வில்லியம்சன் என்றே சொல்லி முடித்துவிடுகிறோம். இரண்டு கைகளையும் பிரித்துக் காட்டும் அளவுக்கு அவர் வேலை வில்லியம்சனிடமிருந்து விலகி நிற்கவில்லை. விலகாமல் இருப்பதே அங்கே அவருடைய கலை.

பிலிப்பைன்ஸின் ஆல்ஃபிரெடோ அல்கலாவுக்கும் அதே கதிதான். ‘வோல்டார்’ என்ற தன் சொந்தக் காவியத்தை 1963-இல் தன் நாட்டிலேயே வெளியிட்டவர். எழுபதுகளில் அமெரிக்கா வந்து கோனான் கதைகளில் ஜான் பஸ்செமாவின் பென்சிலுக்கு மை தீட்டி, செப்பேட்டுச் சித்திரம் போன்ற அடர்த்தியை அவற்றுக்குத் தந்தவர். ஸ்டார் வார்ஸ் நாளிதழ்த் தொடரை 1979-இல் தொடங்கி வரைந்தவர் ரஸ் மேனிங். அவருக்கும் வில்லியம்சனுக்கும் இடையில், பிரையன் டேலியின் ஹான் சோலோ நாவல் ஒன்றை அல்கலா சில மாதங்கள் வரைந்தார். நாள்தோறும் சிறுத்து அச்சாகும் பட்டைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நூறு நூறு இழைகள் போட்டு நிழல் கட்டியிருக்கிறார். மேனிங்கின் தெளிவும் வில்லியம்சனின் நளினமும் அவரிடம் இல்லை. அவருடைய ஹான் சோலோ கொஞ்சம் கனத்தவர், களைத்தவர், பலநாள் சவரம் செய்யாதவர் போலத் தெரிகிறார். கடன்பட்டுக் கள்ளக்கடத்தல் செய்து பிழைக்கும் ஒருவரை நான் அப்படித்தான் கற்பனை செய்வேன். ஐடிடபிள்யூ தொகுப்பில் அந்தப் பகுதியைப் படிக்கிறவர்கள் வேகமாகப் புரட்டாமல், பின்னணிச் சுவர்களையும் எந்திரர்களின் நிழல்களையும் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.